அலுவலகக் கணினி முழுமைக்கும் கடவுச்சொல் கேட்கும் பிராக்சி: ஒரே இடத்தில் எழுதி முடிக்க வழி உண்டா?

புதுவரவு | செவ்வாய், காலை 10:20

வணக்கம். புதிய வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கொடுத்திருக்கும் கணினியில் உபுண்டு 22.04. வெளி இணையத்துக்குப் போக அலுவலகப் பிராக்சி என்னும் இடைநிலைச் சர்வர் ஒன்றுதான் வாசல். அது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது.

உலாவியில் தொல்லை இல்லை. ஒருமுறை கேட்டது, கொடுத்தேன், நினைவில் வைத்துக்கொண்டது. டெர்மினலில்தான் தகராறு. அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய்ப் பிராக்சியின் பெயரையும் போர்ட்டையும் கொடுத்தேன். கடவுச்சொல்லுக்கு அங்கே பெட்டியே இல்லை. மென்பொருள் நிறுவும் ஆப்ட் 407 என்ற பிழை எண்ணைக் காட்டுகிறது. நிரல்மூல மாற்றங்களைக் கையாளும் கிட்டும் 407. நிரல்களைத் தனிப் பெட்டிகளில் (கண்டெய்னர்) ஓட்டும் டாக்கர் வெகுநேரம் காத்திருந்துவிட்டுக் கைவிரிக்கிறது. இணைப்பைச் சோதிக்கும் பிங் கூடப் போகவில்லை.

ஒரே இடத்தில் ஒருமுறை எழுதினால் எல்லா நிரல்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கே எழுதுவது?

பழைய முனையம் | செவ்வாய், காலை 10:52

முதலில் பிங்கை மறந்துவிடுங்கள். அது ஐசிஎம்பி என்ற வேறு நெறிமுறை. எச்டிடிபி பிராக்சிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இங்கே "இணையம் இல்லை" என்று வரும் புகார்களில் பாதி பிங்கில்தான் தொடங்குகிறது.

407 வந்தது நல்ல செய்தி. பிராக்சி வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், உள்ளே விடத்தான் ஆள் யார் என்று கேட்கிறது. 401 வந்தால் கேட்பது தளம். 407 வந்தால் கேட்பது வழியில் நிற்கும் பிராக்சி. இரண்டையும் குழப்பிக்கொண்டு தளத்தின் கடவுச்சொல்லை மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்கும் "ஒரே இடம்" லினக்ஸில் இல்லை. சூழல் மாறிகள் (நிரல்கள் தொடங்கும்போது பெறும் அமைப்பு மதிப்புகள்) என்பது ஒரு வழக்கம், அவ்வளவுதான். மதிக்கும் நிரல் மதிக்கும், மதிக்காதது தன் வழியில் போகும். அதற்குக் கிட்டத்தில் வருவது இடிசி அடைவில் இருக்கும் என்விரான்மென்ட் கோப்பு. அதில் இப்படி எழுதுங்கள் (இங்கே தமிழில் எழுதுகிறேன், கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்):

எச்டிடிபி_பிராக்சி=எச்டிடிபி://பயனர்:கடவுச்சொல்@பிராக்சி-பெயர்:8080
எச்டிடிபிஎஸ்_பிராக்சி=எச்டிடிபி://பயனர்:கடவுச்சொல்@பிராக்சி-பெயர்:8080
நோ_பிராக்சி=லோக்கல்ஹோஸ்ட்,127.0.0.1,.உள்-டொமைன்

இரண்டாவது வரியிலும் சமக்குறிக்குப் பின்னால் வெறும் எச்டிடிபிதான். தவறி எழுதிவிட்டேன் என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள். பிராக்சி வரை போகும் பாதையின் வகை அது. அதற்கப்பால் இருக்கும் தளத்தின் வகை அல்ல.

சிறிய எழுத்து என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. முதல் மாறியைப் பெரிய எழுத்தில் எழுதினால், டெர்மினலில் தளங்களைக் கேட்டுப் பெறும் கர்ல் வேண்டுமென்றே கண்டுகொள்ளாது. வெளியிலிருந்து வரும் ஒரு கோரிக்கைத் தலைப்பு, இணையச் சர்வர் ஓட்டும் சிஜிஐ நிரல்களுக்குள் அதே பெயருள்ள மாறியாக மாறிவிடும் ஓட்டை உண்டு. 2016இல் அது பெரிதாகப் பேசப்பட்டது.

எழுதியபின் வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோ இந்த மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் கட்டளையை ஓட்டும். அதன் அமைப்பைத் திருத்தும் விசூடோ திறந்து, வைத்துக்கொள்ள வேண்டிய மாறிகளின் பட்டியலில் இந்த மூன்றையும் சேருங்கள்.

புதுவரவு | செவ்வாய், பிற்பகல் 12:05

செய்தேன். 407 போய்விட்டது, வேறொன்று வந்திருக்கிறது. என் கடவுச்சொல்லில் @ ஒன்றும் அதற்குப் பின்னால் # ஒன்றும் உண்டு. இப்போது கர்ல் என் கடவுச்சொல்லின் நடுத்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் பிராக்சி எதுவும் இல்லை என்கிறது! பக்கத்து இருக்கைக்காரர் அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எறும்பு | செவ்வாய், பிற்பகல் 12:11

# வந்ததும் முகவரி அங்கேயே வெட்டுப்படுகிறது. மிஞ்சியதில் @ குறிக்குப் பின்னால் இருப்பது கணினியின் பெயர் என்று கர்ல் நினைத்துக்கொள்கிறது. நடுத்துண்டு மாட்டியது அப்படித்தான்.

@ என்பதை %40 என்றும் # என்பதை %23 என்றும் எழுதுங்கள். முக்காற்புள்ளி %3A, சாய்கோடு %2F. கடவுச்சொல்லிலேயே % இருந்தால் %25.

டாக்கருக்கு இந்தக் கோப்பு போதாது. அது பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் கீழ் ஓடும் சேவை. நீங்கள் உள்நுழையும்போது வாசிக்கப்படும் கோப்பு அதன் காதுக்கு எட்டாது. டாக்கர் சேவைக்கான துணை அடைவை உருவாக்கி அதில் ஒரு சிறு கோப்பில் மாறிகளைக் கொடுத்து, சிஸ்டம்டியை மறுவாசிப்புச் செய்யச் சொல்லி, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். கவனம்: அங்கே % குறிக்குத் தனிப்பொருள் உண்டு. %%40 என்று இரட்டிக்க வேண்டும்.

நிலாநிரல் | செவ்வாய், பிற்பகல் 1:30

வழி சொல்வதெல்லாம் சரி. அந்த என்விரான்மென்ட் கோப்பை அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் திறந்து படிக்கலாம் என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? அவர் எழுதப்போவது பிராக்சிக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் அல்ல. பெரும்பாலும் அதேதான் மின்னஞ்சலுக்கும், சம்பளச் சீட்டு பார்க்கும் தளத்துக்கும்.

போதாக்குறைக்குப் பேசிக் என்ற எளிய அங்கீகார முறையில் கடவுச்சொல் மறையாக்கம் செய்யப்படுவதில்லை, பேஸ்64 உருவில் மாற்றி எழுதப்படுகிறது. ஒரே கட்டளையில் பழையபடி படித்துவிடலாம். பிராக்சி வரையிலான பாதை வெறும் எச்டிடிபி என்றால் நடுவில் கேட்பவருக்கு விருந்து.

புதுவரவு, திரையில் துண்டாக வந்த அந்தக் கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.

ஜாவாக்காரன் | செவ்வாய், பிற்பகல் 2:02

ஜாவா நிரல் ஓட்டுபவர் என்றால் ஒரு சேதி. அது சூழல் மாறிகளைச் சீண்டாது. பிராக்சியின் பெயரையும் போர்ட்டையும் தனிப் பண்புகளாகக் கொடுக்க வேண்டும். விலக்குப் பட்டியலில் காற்புள்ளிக்குப் பதில் நெடுக்குக்கோடு. அதையெல்லாம் சரியாகக் கொடுத்தும் எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு மட்டும் 407 வந்தால், 2016இல் வந்த 8யூ111 பதிப்பைத் திட்டிக்கொள்ளுங்கள். அதிலிருந்து, பிராக்சி வழியே எச்டிடிபிஎஸ் போகும் சுரங்கப் பாதைக்குப் பேசிக் அங்கீகாரம் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. முடக்கப்பட்ட முறைகளின் பட்டியலைக் காலியாக்கினால் ஓடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

புதுவரவு | செவ்வாய், மாலை 6:15

எல்லாம் ஓடுகிறது! ஆப்ட், கிட், டாக்கர், மூன்றும். நிலாநிரல் சொன்னபடி கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன், எழுதிய இடங்களிலெல்லாம் திருத்தியும்விட்டேன். அனைவருக்கும் நன்றி. கணினியை மூடிவிட்டுக் கிளம்புகிறேன்.

புதுவரவு | புதன், காலை 11:40

நன்றி சொல்லி ஒரு நாள்கூட ஆகவில்லை. காலையில் வந்து கணினியைத் திறந்த சற்று நேரத்தில் என் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது. உதவி மேசையில் சொல்லித் திறந்தேன். அரைமணி நேரத்தில் மறுபடி பூட்டு. இப்போது மூன்றாம் முறை. மேசையில் இருப்பவர் என் குரலைக் கேட்டதுமே பெருமூச்சு விடுகிறார். நான் எங்கேயும் தவறான கடவுச்சொல்லைத் தட்டவில்லை.

பழைய முனையம் | புதன், காலை 11:55

பழைய கடவுச்சொல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறென்ன? ஊரெல்லாம் சாவி கொடுத்துவிட்டுப் பூட்டை மாற்றினால் இப்படித்தான். இடிசி அடைவிலும் உங்கள் இல்ல அடைவிலும் உங்கள் பயனர் பெயரைக் கிரெப் போட்டுத் தேடுங்கள். புள்ளியில் தொடங்கும் கோப்புகளையும் விடாதீர்கள். ஆப்டின் அமைப்புக் கோப்பு, கிட்டின் உலகளாவிய அமைப்பு, ஸ்னாப், என்பிஎம், பிப் என்று வரிசையாகப் பாருங்கள்.

புதுவரவு | புதன், பிற்பகல் 12:48

தேடினேன். ஐந்து இடங்களில் இருக்கிறது. ஐந்திலும் புதிய கடவுச்சொல்தான், எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். டாக்கர் கோப்பில் மட்டும் %%40, மற்ற நான்கில் %40. கணினியை மறுதொடக்கம் செய்து பார்க்கலாமா என்றால், ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஒன்று இருக்கிறது, மாலை வரை நிறுத்த முடியாது.

அரைத்தூக்கம் | புதன், பிற்பகல் 12:59

கைப்பேசியில் அலுவலக வைஃபைக்குப் பழைய கடவுச்சொல் இருக்கிறதா? எங்கள் இடத்தில் கணக்கைப் பூட்டுவதெல்லாம் சட்டைப்பைக்குள் இருக்கும் கைப்பேசிதான்.

வலைக்காவலர் | புதன், பிற்பகல் 1:20

வேறொரு அலுவலகத்தில் பிராக்சியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இதே கதையை மறுபக்கத்திலிருந்து மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

பழைய கடவுச்சொல் என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டீர்கள். எனக்கு அதில் ஐயம். உங்கள் கணக்குகள் விண்டோஸ் டொமைனில் (எல்லாக் கணக்குகளையும் ஒரே சர்வரில் வைக்கும் அமைப்பு) இருந்து, பிராக்சி என்டிஎல்எம் அல்லது கெர்பரோஸ் என்ற அங்கீகார முறை வழியாகச் சரிபார்த்தால், தவறான கடவுச்சொல் வந்ததும் டொமைன் சர்வர் முதலில் ஒன்று பார்க்கும்: இது இவருடைய கடைசி இரண்டு கடவுச்சொற்களில் ஒன்றா? ஆம் என்றால் உள்ளே விடாது, ஆனால் தவறு என்ற எண்ணிக்கையிலும் சேர்க்காது. நேற்று மாற்றியவர் இன்று பழையதைக் கொடுப்பது இயல்புதானே, அதற்கான சலுகை.

ஆகவே நேற்று வரை இருந்த கடவுச்சொல் உங்களைப் பூட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. பூட்டுவது என்றைக்குமே உங்கள் கடவுச்சொல்லாக இல்லாத ஒன்று. சிதைந்து போன ஏதோ ஒன்று.

உங்கள் நிர்வாகியிடம் போய், பிராக்சியின் பதிவேட்டில் உங்கள் கணினியிலிருந்து வந்து 407 வாங்கிய கோரிக்கைகளுக்கு யூசர்-ஏஜென்ட் (கேட்ட நிரலின் பெயர்) என்ன, எத்தனை நிமிட இடைவெளியில் வருகிறது என்று கேளுங்கள். "கணக்கைத் திறந்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்டால் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

புதுவரவு | புதன், பிற்பகல் 3:05

கேட்டேன் ஐயா. யூசர்-ஏஜென்ட்: கிட் 2.34.1. சொல்லி வைத்தாற்போல் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. விண்டோஸ் டொமைன்தான் என்றும் சொன்னார்கள்.

ஆனால் நான் கிட்டை எந்த அட்டவணையிலும் போடவில்லையே. கிரான் பட்டியல் காலி. சிஸ்டம்டி டைமர்களிலும் கிட் இல்லை. தலையைச் சுற்றுகிறது.

எறும்பு | புதன், பிற்பகல் 3:09

டெர்மினல் சன்னல்களைப் பின்னணியில் உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் திறந்து வைத்திருக்கிறீர்களா?

புதுவரவு | புதன், பிற்பகல் 3:31

கிடைத்துவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று மதியம் எறும்பு எழுதியதைப் படித்ததும், % குறியை எங்கேயும் இரட்டிக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். ஒரு டிமக்ஸ் சன்னலில் %%40 வைத்து மாறியை நானே தட்டினேன். கிட் வருகிறதா என்று பார்க்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய மாற்றங்களை இழுக்கும் ஒரு சிறு சுழலை அதே சன்னலில் ஓடவிட்டேன். பிழைச் செய்திகள் கண்ணை உறுத்தாதிருக்க அவற்றை, வந்ததை விழுங்கிவிடும் சூனியக் கோப்புக்குத் திருப்பினேன். பிறகு கோப்பைத் திருத்தி, வேறு டெர்மினலில் எல்லாம் ஓடுவதைப் பார்த்து, இந்தச் சன்னலை மறந்தேபோனேன்.

சூனியத்துக்குத் திருப்பியதை எடுத்துவிட்டு ஓட்டினால், இணைப்புக் கோரிக்கைக்குப் பிறகு பிராக்சியிடமிருந்து 407 வந்தது என்று ஒவ்வொரு முறையும் வருகிறது. %%40 என்பதை கிட் அவிழ்த்தால் ஒரு %, அடுத்து ஒரு @. வலைக்காவலர் சொன்னது அப்படியே: எந்நாளும் என் கடவுச்சொல்லாக இல்லாத ஒன்று. மாலையில் கணினியை அணைக்காமல் மூடி மட்டும் வைத்ததால் சுழல் உறங்கிவிட்டது. காலையில் திறந்ததும் என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்துவிட்டது.

"மாலை வரை நிறுத்த முடியாத வேலை" என்று சொன்னேனே, அது இருந்ததும் இதே டிமக்ஸில்தான், அடுத்த சன்னலில்.

எறும்பு | புதன், பிற்பகல் 3:40

"அங்கே" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தது என் தவறு. இரட்டிப்பது சிஸ்டம்டி யூனிட் கோப்புக்குள் மட்டும். ஷெல்லிலோ என்விரான்மென்ட் கோப்பிலோ ஒற்றை %தான்.

கிரெப்பில் சிக்காததற்கும் இதுதான் காரணம். ஓடும் நிரல் தொடங்கியபோது பெற்ற மாறிகளையே கடைசி வரை வைத்திருக்கும். கோப்பைத் திருத்தியது அதற்குத் தெரியாது. ப்ராக் அடைவில் அந்த நிரலின் எண்ணுக்குக் கீழே என்விரான் என்ற கோப்பைப் பார்த்தால் அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

வலைக்காவலர் | புதன், மாலை 4:30

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். ஐந்து இடங்களில் கடவுச்சொல். அடுத்த முறை மாற்றும்போது மறுபடி ஐந்து இடம், மறுபடி %40.

எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. பிராக்சியோடு பேசும் பொறுப்பைக் கணினிக்குள்ளேயே ஒரு சிறு இடைத்தரகரிடம் கொடுத்துவிடுங்கள். அது 127.0.0.1 முகவரியில் 3128 போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஆப்ட், கிட், டாக்கர், எல்லாவற்றுக்கும் நீங்கள் கொடுப்பது அந்த முகவரி மட்டுமே. பயனர் பெயர் இல்லை, கடவுச்சொல் இல்லை, ஆகவே % குறியும் இல்லை. அலுவலகப் பிராக்சி கேட்கும் அங்கீகாரத்தை இடைத்தரகர் பார்த்துக்கொள்ளும்.

எதைப் போடுவது என்பது உங்கள் பிராக்சி எந்த முறைகளை ஏற்கிறது என்பதைப் பொறுத்தது. கர்லை விளக்கமாகப் பேசச் சொல்லி, கடவுச்சொல் இல்லாமல் ஒரு தளத்தைக் கேளுங்கள். 407 மறுமொழியில் "பிராக்சி-ஆதென்டிகேட்" என்ற தலைப்புகள் வரும். நெகோஷியேட், என்டிஎல்எம், பேசிக், எவையெவை இருக்கின்றன என்று எழுதுங்கள்.

புதுவரவு | புதன், மாலை 4:41

மூன்றும் இருக்கின்றன.

வலைக்காவலர் | புதன், மாலை 5:10

அப்படியானால் சிஎன்டிஎல்எம் என்ற இடைத்தரகர் நிரல் போதும். உபுண்டுக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் பயனர் பெயர், டொமைன், அலுவலகப் பிராக்சியின் முகவரி. கடவுச்சொல் வரியை நீக்கிவிடுங்கள். பெரிய எச் விருப்பத்தோடு கட்டளையை ஓட்டினால் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு சில ஹாஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீடு) வரிகளைத் தரும். முதல் சொல் என்டிஎல்எம்வி2 என்று முடியும் வரியை மட்டும் கோப்பில் ஒட்டுங்கள். கேட்கும்போது @ என்பதை @ என்றே தட்டலாம். பெரிய எம் விருப்பம் பிராக்சியோடு பேசிப் பார்த்து எந்த முறை எடுபடுகிறது என்று சொல்லும்.

நிலாநிரல் | புதன், மாலை 5:25

மறுப்பு ஒன்று. ஹாஷ் என்றதும் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். என்டிஎல்எம்முக்கு அந்த ஹாஷே போதும். அதைத் திருடியவர் கடவுச்சொல் தெரியாமலேயே உங்கள் பெயரில் பிராக்சிக்குள் நுழைவார். கோப்பை ரூட் மட்டும் படிக்கும்படி அதன் அனுமதியை 600 என்று வையுங்கள். இன்னொன்று: இடைத்தரகர் ஓடும் வரை அந்தக் கணினியில் உள்நுழைந்த எவர் வேண்டுமானாலும் 3128 வழியாக உங்கள் பெயரில் உலாவலாம். பலர் பகிரும் கணினி என்றால் இது உதவாது.

கெர்பரோஸை ஏற்கும் நெகோஷியேட் இருக்கும்போது கெர்பரோஸ் ஏன் கூடாது? காலையில் கேஇனிட் கட்டளையில் ஒருமுறை கடவுச்சொல், பதிலுக்கு ஒரு தற்காலிக அனுமதிச் சீட்டு, எந்தக் கோப்பிலும் எதுவும் இல்லை.

வலைக்காவலர் | புதன், மாலை 5:50

கடவுச்சொல் கோப்பில் தங்காது என்ற அளவில் கெர்பரோஸ்தான் மேல், மறுக்கவில்லை. விண்டோஸ் டொமைனில் சீட்டு இயல்பாக 10 மணி நேரம் செல்லும். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் செல்லாது. பிராக்சியை ஐபி எண்ணால் அழைக்காமல் முழுப் பெயரால் அழைக்க வேண்டும். கர்லுக்கும் கிட்டுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆப்டோ பேசிக் தவிர எதுவும் அறியாது. ஆக, அங்கேயும் நடுவில் ஒருவர் வேண்டியிருக்கிறது.

பகிரும் கணினியில் வேண்டாம் என்பது சரி. எங்கள் இடத்தில் ஆளுக்கொரு மடிக்கணினி, அதனால் ஒப்புக்கொண்டேன். புதுவரவு, நிறுவும் முன் உங்கள் நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்று மூன்று முறை உங்கள் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்.

புதுவரவு | வியாழன், காலை 11:15

கேட்டேன், அனுமதி கிடைத்தது. கணினியில் என்னைத் தவிர யாருக்கும் கணக்கு இல்லை. சிஎன்டிஎல்எம் ஓடுகிறது. ஐந்து இடங்களிலும் கடவுச்சொல்லை நீக்கி 127.0.0.1 என்று மாற்றினேன். டிமக்ஸை முழுவதும் மூடிவிட்டு, கணினியை மறுதொடக்கமும் செய்தேன். காலையிலிருந்து பூட்டு விழவில்லை.

ஒன்று மட்டும் மீதி. டாக்கர் படிமங்களை இறக்குகிறது, ஆனால் கண்டெய்னருக்குள் ஆப்ட் ஓட்டினால் இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது.

எறும்பு | வியாழன், காலை 11:22

கண்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது கண்டெய்னரேதான். சிஎன்டிஎல்எம் கோப்பில் கேட்கும் முகவரியாக 172.17.0.1:3128 என்று இன்னொரு வரி சேருங்கள். கண்டெய்னர்களைக் கணினியோடு இணைக்கும் டாக்கர் பாலத்தின் இயல்பு முகவரி அது, மாற்றவில்லை என்றால். உங்கள் இல்ல அடைவில் டாக்கரின் அமைப்புக் கோப்பில் பிராக்சிப் பகுதிக்கு அதே முகவரி. இதற்கு சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை, புதிதாகத் தொடங்கும் கண்டெய்னர்கள் எடுத்துக்கொள்ளும்.

% எதுவும் இல்லை, கவலைப்படாதீர்கள்.

புதுவரவு | வியாழன், காலை 11:50

ஓடுகிறது. உதவி மேசையிலிருந்து அவர்களாகவே அழைத்து, இன்று ஏன் அழைக்கவில்லை என்று கேட்டார்கள்.